சந்து முடியும்வரை ஒரு சண்டை

அத்தியாயம் ஐந்து

"என் வண்டியில புதுசா ஒரு சத்தம் வந்திருக்கு. அதைக் கொண்டுவந்தது யாருன்னு எனக்குத் தெரியும். நீங்க நிரூபிச்சுக் கொடுத்தா போதும்" என்றார் வந்தவர்.

லொள்ளு பென்சிலை எடுத்தான். "சத்தத்துக்கு அங்க அடையாளம் ஏதாவது சொல்ல முடியுமா சார்? உயரம், நிறம், கடைசியா போட்டிருந்த சட்டை?"

மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணி ஒரு பார்வை பார்த்தாள். அவன் பென்சிலை வைத்துவிட்டான்.

அண்ணி என்றால் அவனுடைய அண்ணன் மனைவி. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்துக் கொடுத்தே பாதி வயதைக் கழித்தவள். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு மருந்துக்கடை மாடியில் இந்தத் துப்பறியும் அலுவலகத்தைத் திறந்தாள். வேறு வேலை கிடைக்கும்வரை கூடமாட இருக்கிறேன் என்று வந்த கொழுந்தன், வேறு வேலை தேடுவதையே மறந்துபோனான். அவனுக்கும் ஒரு பெயர் இருந்தது. வங்கியில் மட்டும் அது பயன்பட்டது. மற்ற எல்லா இடத்திலும் லொள்ளுதான்.

வந்தவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் பார்வை போகவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைக்கூட, நீ எந்த ஸ்டேஷனில் ஏறினாய் என்று கேட்பதுபோல்தான் பார்த்தார்.

"வண்டி என் மனைவியோடது. அவ அப்பா வச்சிருந்தது. பழைய காலத்து நீள வண்டி. எஞ்சின் முன்னால இருக்கும், உந்தித் தள்ளுறது பின்சக்கரம். எனக்கு ஓட்டத் தெரியாது. அவதான் ஓட்டுவா. அவ..." அவர் மேஜையின் விளிம்பைத் தடவினார். "இப்ப இல்லை."

அண்ணி தலையசைத்தாள். அவசரப்படுத்தவில்லை.

"இப்ப ஓட்டுறது அவ தம்பி. தையல்காரன். எங்க வீட்டு மாடி அறையிலதான் இருக்கான். அவ ஓட்டினவரைக்கும் வண்டியில ஒரு முணுமுணுப்பு கிடையாது. இவன் கைக்கு வந்ததும், கிளம்பினா 'டொக்'. சந்துக்குள்ள மெதுவா போனா 'கிச் கிச்'. கீழே ஏதோ பழைய பாகம் தேஞ்சு கிடக்காம், மெக்கானிக் சொல்றான். நல்லா இருந்த வண்டிக்குள்ள தேஞ்ச பாகம் எப்படி வந்துச்சு? நல்லதைக் கழட்டி வித்துட்டு, எவனோ தூக்கிப்போட்டதை மாட்டியிருக்கான்."

"அவர் என்ன சொல்றார்?"

"வாயே திறக்கலை. அதைவிட என்ன சாட்சி வேணும்? என் சர்வீஸ்ல டிக்கெட் இருக்கறவன்தான் சண்டைக்கு வருவான். இல்லாதவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கிட்டிருப்பான்." அவர் எழுந்துகொண்டார். "நீங்க பார்த்துச் சொல்லுங்க. சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷன் போகப்போறேன். அவன் பெட்டி படுக்கையும் இன்னிக்கே வெளியே போகுது."

*

வண்டி ஒரு குறுகிய சந்தின் கடைசி வீட்டில் நின்றிருந்தது. கண்ணாடியெல்லாம் பளபளவென்று துடைத்திருந்தது. பக்கத்தில் தையல்காரர் நின்றார். கழுத்தில் அளவு டேப் அப்படியே தொங்கியது. எடுத்து வைக்க மறந்துவிட்டார் போலும். திருடன் என்று பெயர் வாங்கியவருக்குக் கொஞ்சமும் பொருத்தமில்லாத, ஊசிக்கும் வலிக்கக்கூடாது என்று நினைக்கிற மாதிரியான முகம்.

அண்ணி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். பரிசோதகர் அவள் பக்கத்தில். பின்னால் லொள்ளுவும் தையல்காரரும், முட்டி இடிக்க.

கிளட்சை விட்டதும் அடியிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது. யாரோ வண்டிக்குக் கீழே நின்று கதவைத் தட்டியதுபோல்.

"கேட்டீங்களா?" என்று துள்ளினார் பரிசோதகர். "இவன் கைவரிசை!"

சந்துக்குள் மெதுவாக உருண்டபோது, இருக்கைக்கு அடியில் குருவி ஒன்று மாட்டிக்கொண்டதுபோல் கிச் கிச் என்று கூடவே வந்தது. வண்டி மெதுவானால் குருவியும் மெதுவாகக் கத்தியது. மெயின் ரோட்டுக்கு வந்து வேகம் எடுத்ததும், அந்த இரைச்சலில் குருவி காணாமல் போயிற்று.

அண்ணி கியரை விடுவித்து வண்டியைத் தானாக ஓடவிட்டாள். எஞ்சினை உறுமவிட்டுப் பார்த்தாள். சத்தம் எஞ்சினைச் சட்டை செய்யவில்லை. ஒரு வளைவில் இப்படியும் அப்படியும் ஒடித்தாள். பின்னால் லொள்ளு தையல்காரர் மடியில் விழுந்து எழுந்தான்.

"என்ன அண்ணி, சத்தத்தைக் கண்டுபிடிக்கறீங்களா, என்னைக் கழிச்சுக் கட்டுறீங்களா?"

"சக்கரத்துல பேரிங் போயிருந்தா திரும்பும்போது சத்தம் மாறும். மாறலை. எஞ்சினும் இல்லை, சக்கரமும் இல்லை. நடுவுல இருக்கற ஆள்தான்."

"எங்க குடும்பத்துலயும் எப்பவும் அப்படித்தான். நடுவுல இருக்கற ஆளாலதான் எல்லாப் பிரச்சினையும்."

"உங்க குடும்பத்துல நடுப்பிள்ளை நீதான்."

தையல்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அதோடு நிற்காமல் லொள்ளுவின் சட்டையைச் சுட்டிக்காட்டினார். அவன் விழுந்து எழுந்ததில் ஒரு பட்டன் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. காலர் மடிப்பிலிருந்து ஊசியை எடுத்து, ஓடுகிற வண்டியிலேயே தைத்து முடித்து, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்தார். லொள்ளுவுக்கு அந்த நொடியிலேயே வழக்கு கசந்துபோயிற்று. பட்டன் தைத்துக் கொடுத்த மனிதரைச் சாயங்காலம் தெருவில் நிறுத்துவதற்கா இவ்வளவு பாடு?

"உங்க மனைவி எப்படி ஓட்டுவாங்க?" என்று கேட்டாள் அண்ணி, சாலையைப் பார்த்தபடி.

பரிசோதகரின் குரல் சட்டென்று இளகியது. "அவளா! கிளம்பும்போது ஒரு ஹார்ன் அடிப்பா. ஆள் இல்லை, அரவம் இல்லை, எதுக்கு ஹார்ன்னு கேட்டா, வீட்டுக்கிட்ட போயிட்டு வர்றேன்னு சொல்லணுமேம்பா." முகத்தில் மறுபடி பரிசோதகர் வந்து உட்கார்ந்துகொண்டார். "இவனும் முதல் வாரம் அதே மாதிரி அடிச்சான். அவளைப்போல நடிச்சுக் காட்டுறான்! ஒரு அதட்டுப் போட்டேன், நிறுத்திட்டான். அன்னிலேருந்துதான் இந்த 'டொக்'."

"ஓ" என்றாள் அண்ணி.

அந்த 'ஓ'வை லொள்ளு அறிவான். சாதாரண 'ஓ' இல்லை. அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சந்துக்குள்ள வரும்போது?"

பரிசோதகர் கொஞ்சம் கூச்சத்தோடு தொண்டையைச் செருமினார். "சண்டை போடுவா."

"எதுக்கு?"

"எதுக்குன்னு இல்லை. ஏன் இந்தச் சட்டையைப் போட்டீங்க, உங்க தங்கச்சி கல்யாணத்துல என்னை ஏன் கடைசிப் பந்தியில உட்கார வச்சீங்க, இப்படி எதையாவது எடுப்பா. கேட்டுக்கு வெளியே வந்ததும் ஆரம்பிப்பா. மெயின் ரோடு வந்ததும் 'சரி, விடுங்க'ன்னு முடிச்சுடுவா. நான் பாதி பதிலோட வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பேன். திரும்பி வரும்போது அதே சந்து முனையில பாக்கியை ஆரம்பிப்பா."

லொள்ளு வாய்விட்டுச் சிரித்தான். "அண்ணி, நீங்களும் அண்ணனும்கூட..."

"உங்க அண்ணன்கிட்ட சண்டை போட எனக்குச் சந்து தேவைப்படலை. பேசாம வா." அவள் வண்டியை ஓரங்கட்டினாள். "ரிவர்ஸ் எடுப்பாங்களா?"

"நான் பார்த்ததே இல்லை. நான் செருப்பு மாட்டிக்கிட்டு வெளியே வர்றதுக்குள்ள வண்டி கேட்டைப் பார்த்துத் திரும்பி நிக்கும். வரும்போதும் என்னை இறக்கிவிட்டுட்டுத்தான் உள்ளே கொண்டுபோவா. எல்லாத்துலயும் அப்படி ஒரு ஒழுங்கு."

அண்ணி ரிவர்ஸ் கியரைப் போட்டாள். 'டொக்'. முன்கியருக்கு மாற்றினாள். 'டொக்'. கண்ணாடியில் அவள் பார்வை பின்னிருக்கைக்குப் போயிற்று. தையல்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிக்கெட் இல்லாதவர் மாதிரியே.

*

பட்டறையில், வண்டியின் அடியைப் பார்ப்பதற்காக வெட்டியிருந்த பள்ளத்தின் மேல் வண்டியை நிறுத்தினார்கள். அண்ணி டார்ச்சோடு படியில் இறங்கினாள். லொள்ளு தன் புதுப் பட்டனைக் கையால் மூடிக்கொண்டு பின்னால் இறங்கினான்.

எஞ்சின் பக்கத்திலிருந்து பின்சக்கரம்வரை வண்டியின் முதுகெலும்பு மாதிரி ஒரு நீண்ட உருளைத் தண்டு ஓடியது. அண்ணி அதை இரண்டு கைகளாலும் பிடித்து முறுக்கினாள். பின்பக்க மூட்டில் 'டக்' என்று ஆடியது. அந்த மூட்டைச் சுற்றிச் செங்கல்பொடி மாதிரி ஒரு சிவப்புத் தூள்.

"இதுதான் கிராஸ். கூட்டல் குறி மாதிரி ஒரு சின்ன இரும்பு. வண்டி மேடு பள்ளத்துல ஆடும்போது தண்டு ஒடியாம வளைஞ்சு கொடுக்க இதுதான் மூட்டு. உள்ளே கிரீஸ் காஞ்சு, ஊசி ஊசியா இருக்கற பேரிங் துருவா அரைஞ்சு போயிடுச்சு. மெதுவா போனா 'கிச்', இழுக்க ஆரம்பிச்சா 'டொக்'."

பள்ளத்தின் விளிம்பில் மெக்கானிக் குந்தினார். "இவர்கிட்ட அப்பவே சொன்னேன்மா. இது மாசக் கணக்குல வர்ற தேய்மானம் இல்லை. மூணு வருஷமாவது இருக்கும். இதுக்கு மேல ஓட்டினா தண்டே கழண்டு ரோட்டுல விழுந்துடும்."

"மூணு வருஷம்!" பரிசோதகர் கையைத் தட்டினார். "என் மனைவி போய் இன்னும் வருஷம் திரும்பலை. அவ ஓட்டும்போது சத்தமே கிடையாது. அப்ப இந்தக் கிழட்டுச் சாமான் எங்கேருந்து வந்துச்சு? கேளுங்க இவனை!"

தையல்காரர் தரையைப் பார்த்தார். லொள்ளுவின் கை புதுப் பட்டனுக்குப் போயிற்று. அண்ணியே தூக்குக் கயிறு திரித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டதே!

அண்ணி டார்ச்சை வேறு பக்கம் திருப்பினாள். "வண்டியோட அடியில முழுக்கக் கறுப்பா ஒரு பூச்சு இருக்கே. துருப்பிடிக்காம இருக்கறதுக்கு. எப்ப அடிச்சது?"

"நாலு வருஷம் ஆச்சு. நான் பக்கத்துல நின்னு அடிக்க வச்சேன். ஒரு இடம் விடலை."

"இந்தத் தண்டைப் பிடிச்சிருக்கற நட்டு மேலகூடவா?"

"நட்டு மேலயும்தான்! கண்ணைக் கொஞ்சம் திருப்பினா ஏமாத்திடுவாங்களே. அடிச்சவன் என்னைத் திட்டிக்கிட்டே அடிச்சான்."

"அப்படின்னா இறங்கி வாங்க. எந்த நட்டுல பூச்சு உடைஞ்சிருக்குன்னு காட்டுங்க. கழட்டாம மாத்த முடியாது. உடையாம கழட்ட முடியாது."

அவர் இறங்கினார். டார்ச்சை வாங்கினார். ஒவ்வொரு நட்டையும் பிடித்து நிறுத்தி, டிக்கெட்டைக் காட்டு என்று கேட்டார். ஒவ்வொன்றும் காட்டியது. பூச்சு உலர்ந்த அன்று விழுந்த மெல்லிய தோல் எங்கும் கீறாமல் அப்படியே இருந்தது. இரண்டாம் தடவையும் பார்த்தார். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டில் நின்றார்.

"அப்ப இது அவ இருந்தப்பவே தேஞ்சதா? எனக்கு ஏன் கேக்கலை? என் காதுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லையே?"

"உங்க காது நல்ல காதுதான். அவங்களுக்கும் அது தெரியும்" என்றாள் அண்ணி. "ஒரு ஆள் டிக்கெட் இல்லாம மூணு வருஷமா உங்க பெட்டியில வந்திருக்கார். நீங்க கிட்ட வரும்போதெல்லாம் ஒருத்தங்க உங்களைப் பேச்சுல பிடிச்சு வச்சிருக்காங்க."

லொள்ளுவுக்கு மண்டைக்குள் விளக்கு எரிந்தது. "ஹார்ன்! கிளம்பும்போது 'டொக்', அதே நேரம் ஹார்ன்! இவர் ஹார்னை நீங்க நிறுத்தச் சொன்னீங்க, 'டொக்' கேட்க ஆரம்பிச்சுடுச்சு!"

"ம்."

"நீங்க இருக்கும்போது ரிவர்ஸ் எடுக்காததும் ஒழுங்கு இல்லை, அந்த 'டொக்' உங்களுக்குக் கேக்கக்கூடாதுன்னுதான்! சந்துக்குள்ள..." அவன் சிரிக்க ஆரம்பித்து, பரிசோதகரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். மீதியை மெதுவாகச் சொன்னான். "சந்துக்குள்ள கிச் கிச். மெயின் ரோடு வந்தா கேக்காது. அதனாலதான் சரி, விடுங்க."

பரிசோதகர் பள்ளத்தின் படியில் உட்கார்ந்தார். "என் தங்கச்சி கல்யாணம்... கடைசிப் பந்தி... மூணு வருஷமா அதுக்கு நான் மன்னிப்பு கேட்டிருக்கேன்."

"சத்தம் கேட்டிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

மேலே யாரோ ஒரு தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வித்திருப்பேன். இன்னொரு தடவை இது பட்டறைக்குப் போச்சுன்னா பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்னு ஒருநாள் கோபத்துல சொன்னேன். அது அவ அப்பா வண்டி." சட்டென்று தலையைத் தூக்கினார். அவ்வளவு லேசில் விடுகிற ஆளா? "இதெல்லாம் உங்க ஊகம்! அவளுக்குத் தெரிஞ்சு மறைச்சான்னு என்ன அத்தாட்சி?"

"நியாயம்தான். லொள்ளு, டிக்கியைத் திற. தேஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சவங்க புதுசு ஒண்ணு வாங்கி வைக்காம இருக்க மாட்டாங்க. ஓட்டத் தெரியாத நீங்க கை வைக்காத இடம் வண்டியில ஒண்ணுதான் இருக்கு, ஸ்டெப்னிக்கு அடியில."

எல்லாரும் மேலே ஏறி வந்தார்கள். ஸ்டெப்னி டயரைத் தூக்குவதற்குள் லொள்ளுவுக்கு நாக்குத் தள்ளியது. அடியில் ஒரு துணிப் பை. வாயில் நாடா கோத்து, ஓரம் மடித்து, இரட்டைத் தையல் போட்ட பை. பிரித்தான். மெழுகுக் காகிதத்துக்குள் ஒரு புத்தம் புதிய கிராஸ், கிரீஸ் வாசனையோடு.

பரிசோதகர் அதைக் கையில் வாங்கவில்லை. பையைத்தான் பார்த்தார். அது அவள் பழைய புடவை. ஓரத்துப் பூக்கள் இன்னும் மங்கவில்லை.

அண்ணி பையின் நாடா முடிச்சைப் பார்த்தாள். பிறகு லொள்ளுவின் சட்டைப் பட்டனைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். இரண்டிலும் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

"பையைத் தைச்சுக் கொடுத்தது யாரு?"

தையல்காரர் கழுத்து டேப்பின் இரண்டு நுனிகளையும் பிடித்துக்கொண்டார். "நான்தான். அக்கா கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டா. அத்தானுக்குத் தெரியக்கூடாதுன்னு."

"ஏன்டா மாட்டலை? கையில வச்சுக்கிட்டே ஏன் மாட்டலை?" என்று கத்தினார் பரிசோதகர்.

"வண்டி ஒருநாள் பட்டறையில நிக்கணும் அத்தான். நீங்க ஒருநாள் வீட்ல இல்லாம இருக்கணும். ரிடயர் ஆனதுலேருந்து நீங்க எங்க வெளியே போனீங்க?"

மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார்.

"சரி. திருடன்னு சொன்னேனே. அப்பவாவது வாயைத் திறந்திருக்கக்கூடாதா?"

"திருடன்னா அது எனக்கு மட்டும்தானே. உண்மையைச் சொன்னா, அக்கா உங்களை ஏமாத்தினான்னு ஆயிடும். அவ இல்லாத நேரத்துல அவளுக்கு அந்தப் பேர் வேண்டாம்னு பார்த்தேன்." அவர் குரல் இன்னும் இறங்கியது. "அவ மாதிரியே ஹார்ன் அடிச்சுப் பார்த்தேன். திட்டினீங்க. சந்துக்குள்ள சண்டை போடணும்னு மாடியில தனியா ஒத்திகைகூடப் பார்த்தேன். 'ஏன் அத்தான்'னு ஆரம்பிப்பேன், அதுக்கு மேல வரலை. உங்ககிட்ட சண்டை போட எனக்குத் தெரியலை."

லொள்ளு பொட்டலத்தையும் பையையும் பரிசோதகரிடம் கொடுத்தான்.

பரிசோதகர் மெழுகுக் காகிதப் பொட்டலத்தை மெக்கானிக்கிடம் நீட்டினார். "மாட்டு. நான் பக்கத்துல நிப்பேன்." புடவைப் பையை மட்டும் மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

*

வெயில் தாழும்போது வேலை முடிந்தது. தையல்காரர் ஓட்ட, பரிசோதகர் பக்கத்தில் உட்கார, அண்ணியும் லொள்ளுவும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். வண்டி பட்டறையை விட்டுக் கிளம்பியது. 'டொக்' இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல் நகர்ந்தது.

கிளம்பிய அந்த நொடியில் பரிசோதகர் எட்டிக் கையை நீட்டி ஹார்னை அழுத்தினார். வாசலில் யாரும் இல்லை. தையல்காரர் ஒன்றும் கேட்கவில்லை.

சந்து வந்தது. வண்டி மெதுவானது. கிச் இல்லை, முனகல் இல்லை. இரண்டு பக்கச் சுவர்களும் சும்மா நகர்ந்தன. அந்த அமைதியைப் பரிசோதகரால் நாலு வீடு தாண்டும்வரைகூடத் தாங்க முடியவில்லை.

"ஏன்டா, இவ்வளவு முன்னாடியேவா பிரேக் பிடிப்பாங்க?"

"நான் பிரேக்கே பிடிக்கலை அத்தான்."

"எதிர்த்து வேற பேசுறியா?"

தையல்காரர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். "ஏன் அத்தான்..." என்று ஆரம்பித்தார். லொள்ளு முன்னால் சாய்ந்தான். "ஏன் அத்தான், நான் தைச்சுக் கொடுத்த சட்டையை நீங்க ஒருநாள்கூடப் போடலை?"

"தோள்பட்டை பிடிக்குது!"

"அளவு எடுக்கும்போது நீங்க நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னா எப்படிப் பிடிக்காம இருக்கும்?"

"அண்ணி," என்று கிசுகிசுத்தான் லொள்ளு, "நீங்க அண்ணன்கிட்ட போடுறீங்களே சண்டை, அது எந்தச் சத்தத்தை மறைக்க?"

"உன் குறட்டையை."

வீட்டுக்கு முன்னால் தையல்காரர் யாரையும் இறக்காமலே ரிவர்ஸ் எடுத்தார். வண்டி சத்தமில்லாமல் கேட்டுக்குள் பின்னால் போய், சந்தைப் பார்த்தபடி நின்றது. பரிசோதகர் கதவின் கைப்பிடியில் கை வைத்தார்.

"சரி, விடு" என்றார்.

"நான் இன்னும் முடிக்கலை அத்தான்" என்றார் தையல்காரர், எஞ்சினை அணைத்தபடி. "காலர் பத்தியும் சொல்லவேண்டியது இருக்கு."

பரிசோதகர் கையை எடுத்துவிட்டு, இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அண்ணி லொள்ளுவின் முழங்கையைத் தொட்டாள். இருவரும் ஓசைப்படாமல் பின்கதவைத் திறந்து இறங்கினார்கள். சந்து முனைக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. சண்டை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.